மருந்து வந்த பின்னும் பரவிய நோய்

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கம்ப்யூட்டர்களின் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. நோயாளியின் பழைய குறிப்பைப் பார்க்க வந்த டாக்டருக்கு அங்கே தெரிந்தது ஒரு மிரட்டல் கடிதம். "உங்கள் பைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன; 300 டாலர் கொடுத்தால் திறக்கலாம்; மூன்று நாளில் கொடுக்காவிட்டால் இரட்டிப்பாகும்; ஏழு நாள் கடந்தால் பைல்களே இல்லை" என்பது அதன் சாரம். பணத்தையும் ரொக்கமாகக் கேட்கவில்லை. யார் வாங்கினார் என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாத பிட்காயின் என்னும் நாணயத்தில் கேட்டார்கள்.

அன்று பிற்பகல் முதல் பல ஆஸ்பத்திரிகளில் காகிதமும் பேனாவும்தான் கைகொடுத்தன. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்த ஆம்புலன்ஸ்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இங்கிலாந்தில் 'டிரஸ்ட்' எனப்படும் 236 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அவற்றில் 34-ல் கம்ப்யூட்டர்களே பூட்டப்பட்டன. மற்ற 46 நிர்வாகங்கள், நோய் தொற்றாதபோதிலும், அச்சத்தால் இணைப்பைத் துண்டித்தோ, தொற்றிய இடத்தோடு தொடர்பு அறுந்தோ வேலை கெட்டன. இவை போக 595 குடும்ப டாக்டர்களின் நிலையங்களிலும் தொல்லை. முன்கூட்டியே நாள் குறித்திருந்த நோயாளிகளில் 19,000-க்கும் மேற்பட்டோரின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்ற ஐயத்தின் பேரில் அவசரமாகப் பார்க்கும்படி அனுப்பப்பட்ட குறைந்தது 139 பேரின் சந்திப்பும் இதில் அடங்கும்.

வான்னாக்ரை என்று பெயர் பெற்ற அந்தக் கம்ப்யூட்டர் புழு, ஆஸ்பத்திரிகளைக் குறிவைத்து ஏவப்பட்டதல்ல. ஸ்பெயினில் டெலிபோன் கம்பெனியும், பிரான்சில் மோட்டார் தொழிற்சாலையும், ஜெர்மனியில் ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகையும் அதனிடம் அகப்பட்டன. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் அது புகுந்தது. இந்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் இங்கும் எச்சரிக்கை விடுத்தது.

இவ்வளவும் நடந்ததைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தப் புழு எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. அதற்கு விலை கிடையாது. நோய் வந்தது 59 நாள் கழித்து. மருந்து வீட்டு வாசலில் வந்து கிடந்தது. எடுத்து உண்ணத்தான் ஆள் இல்லை.

வைரஸ் வேறு, புழு வேறு

கம்ப்யூட்டரில் வரும் எல்லாக் கேட்டையும் 'வைரஸ்' என்று ஒரே பெயரால் அழைப்பது பொதுமக்களின் வழக்கம். பேச்சுக்கு அது போதும், தற்காப்புக்குப் போதாது. வைரஸ் என்பது வேறொரு புரோகிராமிலோ பைலிலோ ஒட்டிக்கொண்டு வருவது. அந்தப் பைலை ஒருவர் திறந்தால்தான் அது உயிர் பெறும். புழுவுக்கு அப்படி ஒருவருடைய கை வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தவுடன் அது தானே அடுத்த கம்ப்யூட்டரைத் தேடும். தானே கதவைத் தட்டும். ஓட்டை இருந்தால் தானே நுழைந்து தன் பிரதி ஒன்றை அங்கே வைக்கும். அந்தப் பிரதியும் அதே வேலையைத் தொடங்கும். "தெரியாத கடிதத்தைத் திறக்காதே" என்ற உபதேசம் நல்ல உபதேசமே ஆயினும், புழுவின் முன் அது மட்டும் பயன்படாது. அந்த வெள்ளிக்கிழமையன்று பாதிக்கப்பட்ட ஆஸ்பத்திரி ஊழியர்களில் பெரும்பாலோர் எதையும் திறக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. அவர்களுடைய கம்ப்யூட்டர் இணைப்பில் இருந்தது ஒன்றே காரணம்.

ஒரு கம்ப்யூட்டரைப் பல வாசல்கள் உள்ள கட்டடமாகக் கருதலாம். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வகை வேலை. 445 என்ற எண்ணுள்ள வாசல், ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பைல்களையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்வதற்கானது. அலுவலகத்துக்குள் அது தேவைதான். ஆனால் அந்த வாசலைக் காக்கும் பழைய விண்டோஸ் புரோகிராமில் ஒரு பிழை இருந்தது. குறிப்பிட்ட முறையில் கோணலாக எழுதப்பட்ட ஒரு செய்தியை அதற்கு அனுப்பினால், தான் ஒதுக்கிய இடத்துக்கும் மேலாக அதை வாங்கி, பக்கத்து நினைவகத்திலும் எழுதிவிடும். அப்படி வழிந்து விழும் எழுத்துக்குள் ஒரு கட்டளையை ஒளித்து அனுப்பினால் கம்ப்யூட்டர் அதையும் நிறைவேற்றும். பாஸ்வேர்டு கேட்பதில்லை, யார் என்று விசாரிப்பதில்லை.

வான்னாக்ரை செய்தது இதைத்தான். முதலில் தன் அலுவலகத்து நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களின் 445-ம் வாசலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. அதே நேரத்தில் இன்டர்நெட்டில் கண்டபடி முகவரிகளைத் தேர்ந்தெடுத்து அங்கும் தட்டியது. திறந்த இடத்தில் பிரதியை வைத்தது. பிறகு உள்ளே இருந்த கடிதங்கள், கணக்குகள், படங்கள் ஆகியவற்றைச் சங்கேத எழுத்தாக மாற்றியது. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவிகளைப் பூட்ட மற்றொரு சாவி. எல்லாவற்றையும் திறக்கும் கடைசிச் சாவியோ குற்றவாளிகளிடம். கம்ப்யூட்டர் தன்னிடம் வைத்திருந்த பழைய பிரதிகளையும் அது அழிக்க முயன்றது. அதன் பின்னரே சிவப்புத் திரை தோன்றும். திரை சிவந்ததைக் கண்டு ஓடி வருவதற்குள் பக்கத்து அறையில் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்கு நோய் போயிருக்கும்.

பழைய கதைகள் சொல்லும் பாடம்

இது முதல் தடவையாக நடந்ததல்ல. 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு புழுவை இன்டர்நெட்டில் விட்டார். அப்போது இன்டர்நெட்டில் இருந்த கம்ப்யூட்டர்கள் சுமார் 60,000 என்பார்கள். அவற்றில் ஏறத்தாழ 6,000 திணறிப்போயின என்பது அக்கால மதிப்பீடு. மாரிஸின் புழு பைலை அழிக்கவில்லை, பணம் கேட்கவில்லை. தன் பிரதி ஏற்கெனவே இருக்கும் இடத்தில்கூட ஏழு தடவைக்கு ஒரு தடவை மீண்டும் குடியேறும்படி அதை அவர் அமைத்துவிட்டார். அதனால் ஒரே கம்ப்யூட்டரில் பிரதிகள் பெருகி, வேறு வேலைக்கு இடமில்லாமல் செய்தன. மாரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் கிடைத்தன. கம்ப்யூட்டர் ஆபத்துக்களுக்கென்றே ஒரு அவசர உதவிக் குழு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டதும் அந்த நிகழ்ச்சியின் விளைவேயாகும்.

2003-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி வந்த ஸ்லாமர் என்ற புழுவின் முழு உடலே 376 எழுத்தளவுதான். ஆனால் ஓட்டையுள்ள கம்ப்யூட்டர்களில் பத்தில் ஒன்பதைப் பத்தே நிமிஷத்தில் அது பிடித்துவிட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே, 2002 ஜூலையில் வெளிவந்திருந்தது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்பிக்கர் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பற்றியது; அதற்கான திருத்தமும் அக்டோபர் 23-ந் தேதியே தயார்.

ஸ்லாமர், கான்பிக்கர், வான்னாக்ரை ஆகிய மூன்று கதையிலும் ஒரே குறை. புழுவை எழுதியவன் பெரும்பாலும் புதிய ஓட்டை எதையும் கண்டுபிடிப்பதில்லை. திருத்தம் வந்துவிட்டது என்ற அறிவிப்பைப் படித்து, அதைப் பூசிக்கொள்ளாத சோம்பேறிகள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டே அவன் தொழிலில் இறங்குகிறான். அவன் கணக்கு இதுவரை பொய்க்கவில்லை.

பழி யாருக்கு?

வான்னாக்ரை விஷயத்தில் குற்றவாளி யார் என்பதை அமெரிக்காவும் பிரிட்டனும் 2017-ம் ஆண்டு இறுதிக்குள் வெளிப்படையாகவே கூறின. வட கொரியாவைச் சேர்ந்த கூட்டம் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வட கொரியா அதை மறுத்தது. திருடனைத் திருடன் என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் பழி அவனோடு முடிந்துவிடுவதில்லை.

ஓட்டை வழியாக நுழையும் அந்த உபாயம் வட கொரியாவில் பிறந்ததல்ல. அது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியிலிருந்து களவுபோனது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியே சொல்லிற்று. 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் அதை 2017 ஏப்ரல் 14-ந் தேதி உலகறிய வெளியிட்டது. ஒற்று வேலைக்கு உதவும் என்று கருதி, உலகத்திலுள்ள கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருந்த ஓட்டையை ஒரு சர்க்கார் இலாகா தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டது. பூட்டில் பழுது இருப்பதைக் கண்ட காவற்காரன், பூட்டுக்கு உரியவரிடம் சொல்லாமல் தன் உபயோகத்துக்கென்று கள்ளச்சாவி செய்து வைத்துக்கொண்டால், அந்தச் சாவி களவுபோகும் நாளில் அவனுக்கும் குற்றத்தில் பங்கு உண்டு. கண்டுபிடித்த ஓட்டைகளில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்யும் விதிமுறைகளை அமெரிக்க சர்க்கார் 2017 நவம்பரில் பகிரங்கப்படுத்தியது நல்ல காரியமே. ஆனால் மறைக்கும் உரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்த பங்கு ஆஸ்பத்திரிகளை நடத்தியவர்களைச் சேரும். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஆதரவு நின்றுபோகும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிடத் திட்டமிடுங்கள் என்று 2014-லேயே கடிதம் போயிற்று. திருத்தத்தைப் போடுங்கள் என்று 2017 மார்ச் 17-ந் தேதியும் ஏப்ரல் 28-ந் தேதியும் அவசர அறிவிப்புகள் போயின. அறிவிப்பு அனுப்பியவர்கள், அதன்படி நடந்ததா என்று கேட்டறிவதற்கு ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. தாக்குதலுக்கு முன் 88 நிர்வாகங்களில் நேரில் சோதனை செய்தபோது, ஒன்றுகூடத் தேறவில்லை. கடிதம் எழுதியதோடு கடமை தீர்ந்தது என்று மேலே இருப்பவரும், கடிதம் வந்ததைக் கோப்பில் சேர்த்ததோடு கடமை தீர்ந்தது என்று கீழே இருப்பவரும் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பணம் இல்லாததால் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவதிப்பட்டார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. அது பாதி உண்மைதான். தொற்றுக்கு ஆளான கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. திருத்தம் அவற்றுக்குத் தயாராகவே இருந்தது. போடப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உடலைப் படமெடுக்கும் ஸ்கேன் யந்திரத்துக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் கைவைக்க ஆஸ்பத்திரிக்கு உரிமையில்லை. யந்திரத்தை விற்ற கம்பெனிதான் கைவைக்க வேண்டும். திருத்தம் போட்ட மறுநாள் யந்திரம் நின்றுவிட்டால் நோயாளிக்கு யார் பதில் சொல்வது? இரவும் பகலும் ஓட வேண்டிய இடத்தில் 'சற்று நிறுத்தி மறுபடி தொடங்கு' என்பது வாயால் சொல்வதுபோல் எளிதல்ல. இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கும் பதில் உண்டு. திருத்த முடியாத யந்திரத்தைத் தனியே பிரித்து வைக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு ஒரே வலையில் கோக்காமல் இருக்கலாம். இன்டர்நெட்டை நோக்கிய காவல் அரணில் 445-ம் வாசலைச் சாத்தி வைக்கலாம். திருத்தம் போடாதவர்கள்கூட இந்தக் காவல் அரணைச் சரியாகப் பராமரித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று தணிக்கை அலுவலகமே கூறியிருக்கிறது.

பதினொரு டாலர் அதிர்ஷ்டம்

அன்று மாலையே வேகம் தணிந்ததற்குக் காரணம் எந்த சர்க்காரும் அல்ல. டெவன் என்ற இங்கிலாந்துப் பகுதியில் வசித்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், புழுவைப் பிரித்துப் பார்த்தபோது, அது வேலையைத் தொடங்குமுன் இன்டர்நெட்டில் பொருளற்ற ஒரு நீண்ட பெயரை அழைத்துப் பார்ப்பதைக் கண்டார். அந்தப் பெயரை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. புழுவின் நடமாட்டத்தைக் கண்காணிக்க உதவும் என்று 11 டாலருக்கும் குறைவான கட்டணத்தில் அவர் அதைப் பதிவு செய்தார். அழைப்புக்குப் பதில் கிடைத்ததும் புழு தன் வேலையை நிறுத்திக்கொண்டது! அதுதான் அதன் கடிவாளம் என்பது பதிவு செய்த பிறகே தெரிந்தது.

அதிர்ஷ்டத்தை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. அந்தப் பெயரை எட்ட முடியாதபடி இன்டர்நெட் தொடர்பு மறிக்கப்பட்ட உள் நெட்வொர்க்குகளில் அந்தக் கடிவாளம் பயன்படவுமில்லை. பிரிட்டனின் ஆஸ்பத்திரித் துறைக்கு மொத்த நஷ்டம் சுமார் 9 கோடியே 20 லட்சம் பவுன் என்று அந்நாட்டு சுகாதார இலாகா 2018-ல் மதிப்பிட்டது. குற்றவாளிகளுக்கு உலகம் முழுவதிலுமிருந்து சேர்ந்த தொகையோ 2017 ஆகஸ்டில் சுமார் 1,40,000 டாலர்தான்.

தொற்றியபின் செய்ய வேண்டியது

புழு புகுந்துவிட்டது என்று தெரிந்தால் முதல் வேலை, நெட்வொர்க் கேபிளை உருவுவது, வைபையை அணைப்பது. மற்ற யோசனையெல்லாம் அதன் பிறகு. பைல்களைப் பூட்டும் வகைப் புழுவாயின், கம்ப்யூட்டரை அவசரப்பட்டு அணைத்துத் திறக்கலாகாது. வான்னாக்ரை விஷயத்தில், சாவியை உண்டாக்கிய எண்கள் சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் நினைவகத்தில் தங்கியிருந்தன. மறுபடி தொடங்காத கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் அந்த எண்களைத் தேடியெடுத்துப் பைல்களை மீட்கும் கருவியைப் பிரெஞ்சு நிபுணர்கள் ஒரு வாரத்துக்குள் செய்து கொடுத்தார்கள். அணைத்துத் திறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

இரண்டாவதாக, திருத்தத்தையும் புழு நீக்கும் கருவியையும் நோயில்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பெற வேண்டும். கான்பிக்கர் போன்ற புழு, பாதுகாப்புக் கம்பெனிகளின் தளங்களுக்குப் போக முடியாமல் வழியை மறித்துவிடும். விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடும். பென் டிரைவ் மூலமும் அது பரவிற்று. ஆகையால் நோயுற்ற கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவை எடுத்து நல்ல கம்ப்யூட்டரில் செருகுவது, தொற்று வார்டிலிருந்து போர்வையை எடுத்து வந்து வீட்டில் விரிப்பதற்குச் சமம்.

மூன்றாவது, வரிசை. பலர் தவறுவது இங்கேதான். புழுவைக் கொன்றுவிட்டு, ஓட்டையை அடைக்காமல், கேபிளைச் செருகுகிறார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரிலுள்ள பிரதி சில நிமிஷத்தில் மறுபடி வந்துவிடுகிறது. "கருவி சரியில்லை" என்று அதன் பேரில் பழி! இணைப்பைத் துண்டிப்பது, ஓட்டையை அடைப்பது, புழுவை நீக்குவது, முழுச் சோதனை செய்வது, அதன் பின்னரே இணைப்பைத் தருவது என்பதே முறை. சந்தேகம் மிஞ்சினால் டிஸ்க்கை முழுதும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் திருத்தங்களைப் போட்டு, பிறகு பேக்கப்பிலிருந்து பைல்களைக் கொண்டு வருவது உத்தமம். 445-ம் வாசலில் பழைய முறைப் பைல் பகிர்வு தேவையில்லாத இடங்களில் அதை நிறுத்திவிட வேண்டும். பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். எளிய பாஸ்வேர்டுகளைக் கான்பிக்கர் ஊகித்தே திறந்தது.

நான்காவது, ஒன்றையும் விடலாகாது. அலுவலகத்தில் இருபது கம்ப்யூட்டர்களில் பத்தொன்பதைச் சுத்தம் செய்து, அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பை மறந்தால், அதைத் திறக்கும் நாளில் கதை மறுபடி தொடங்கும். தைவானிலுள்ள டி.எஸ்.எம்.சி. என்ற மாபெரும் சிப் கம்பெனிக்கு 2018 ஆகஸ்டில் நேர்ந்தது இதுவே. புதிதாக வந்த ஒரு யந்திரத்தைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். ஓர் ஆண்டுக்கு முன் ஓய்ந்ததாக எண்ணப்பட்ட வான்னாக்ரையின் ஒரு வகை அதிலிருந்து பரவி உற்பத்தியைத் தடைப்படுத்தியது.

மிரட்டலுக்குப் பணம் கொடுக்கலாமா? கூடாது. வான்னாக்ரைக்காரர்கள் பணம் வாங்கக் கொடுத்தது மூன்றே மூன்று பிட்காயின் முகவரிகள். லட்சக்கணக்கானவர்களில் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பிரித்தறிய அவர்களுக்கே நம்பத்தக்க வழி இல்லை. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரி நிர்வாகம் எதுவும் பணம் கொடுக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. கௌரவம் போய்விடும் என்று மூடி மறைப்பது, அடுத்த நிறுவனத்துக்கும் நோயை அனுப்பி வைப்பதாகும்.

பராமரிப்பும் ஒரு கடமையே

வந்தபின் ஓடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை. வருமுன் செய்ய வேண்டியவையோ மிகச் சிலவே. அப்டேட் வந்த அன்றே தானாக ஏறும்படி வைத்துவிடுவது ஒன்று. முக்கியமான பைல்களுக்கு ஒரு பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைப்பது மற்றொன்று. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கில் உள்ள பிரதியையும் புழு சேர்த்துப் பூட்டிவிடும் என்பதை மறக்கலாகாது. ஆதரவு நின்றுபோன சாப்ட்வேரை விட்டொழிப்பது மூன்றாவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு நீட்டிப்பு பெறும் வழிகள் உண்டு. நீட்டிப்பும் பெறாமல், புதியதற்கும் மாறாமல், "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டு வைக்கும் அலுவலகம் 2017-ம் ஆண்டு ஆஸ்பத்திரிகளின் நிலையிலேயே நிற்கிறது.

புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் படம் எடுத்துப் போடுவார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஒரு திருத்தத்தைச் சரியான நாளில் போட்டவருக்கு மாலை போடுபவர் யாரும் இல்லை. அவர் வேலை சரியாக நடந்த நாளில் ஒன்றுமே நடப்பதில்லை. ஒன்றும் நடக்காத நாட்களின் அருமை நிர்வாகிகளுக்குத் தெரிவதில்லை. ஆகையால் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் அந்தச் செலவே. கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞரைப் பின்னர் குற்றம் சாட்டுவது எளிது. அவருக்குப் போதிய ஆளும் அவகாசமும் கொடுத்தோமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வதுதான் தலைமைக்கு அழகு.

ஆஸ்பத்திரியாயினும், பாங்காயினும், பள்ளிக்கூடமாயினும், மாதம் ஒரு முறை ஒரு கேள்வி மேலிடத்திலிருந்து வர வேண்டும். "திருத்தம் போடப்படாத கம்ப்யூட்டர் எத்தனை? ஏன் போடப்படவில்லை? அதுவரை அது எங்கே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது?" என்பதே அது. பதில் எழுத்தில் வர வேண்டும்; வந்த பதில் உண்மைதானா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கார்களும் ஓட்டைகளைக் கண்டால் ஆயுதமாகச் சேர்த்து வைக்காமல், அடைக்கக்கூடியவரிடம் உடனே சொல்ல முன்வர வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பப்பட்ட ஆம்புலன்ஸில் இருந்தவருக்குக் கம்ப்யூட்டர் புழு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 59 நாள் அவகாசம் இருந்தது. அடுத்த புழுவுக்கு முன் கிடைக்கும் அவகாசம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.